குழந்தை எண் பதினேழு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அதற்கு ஒரு பட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு நான் நடப்பதைப் பார்த்தால் உன் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், பியானோ சரிசெய்வது அவர் தொழிலாம், நாள் முழுக்க ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார், எப்போது அடுத்த கட்டைக்குப் போவார் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் குட்டி பக்கத்தில் நிற்பாள், நீயும் பாதிக் காதால் கேட்டுக்கொண்டு துணி மடிப்பாய். இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும் அம்மா, படிக்கும்போது போனை வேறு அறையில் வைத்துவிடு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஊடகப் பாடம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், யாரும் எடுக்க மாட்டேன் என்றதும் அதை என் தலையில் கட்டினார்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கவே அடுத்தவரைக் கெஞ்சுகிற ஆள் நான். திரையும் போனும் சின்னக் குழந்தைகளை என்ன செய்கின்றன என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே ஆராய்ந்து பார்க்கும்படி சொல்லித்தர வேண்டும். நான் பேசினால் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும், அதனால் ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கு ஒரு குழந்தை, மூன்று வாரம் கவனித்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். நல்லது, கெட்டது என்ற இரண்டு வார்த்தைகளும் கூடாது, கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும்தான். குழந்தையின் பெயரை எழுதக்கூடாது, எழுதுகிறவரின் வருகைப்பதிவு எண்தான் குழந்தைக்கும் எண். இந்தக் கடைசி விதியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒரு குழந்தையின் அந்தரங்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அரை மணி நேரம் பேசினேன். அந்த விதிதான் என் கண்ணைக் கட்டியது.

பதினேழாம் எண் ஒரு பெண், ஜன்னலோரம் உட்காருவாள், அதிகம் பேசமாட்டாள், எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர். எங்க வீட்லயும் அக்கம்பக்கத்துலயும் சின்னக் குழந்தையே இல்ல சார், இன்டர்நெட்ல ஒரு குழந்தைய தினமும் வீடியோவுல பாக்குறேன், அத எழுதட்டுமா என்று கேட்டாள். தாராளமா எழுதும்மா என்றேன், வேறெதுவும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை எல்லா நோட்டும் வந்தன, முதல் வரிகளைப் பார்த்து நன்றாகத் தோன்றியவற்றை நானே வகுப்பில் வாசித்தேன். பதினேழாம் எண் குழந்தைக்கு மூன்று வயது, வாஷிங் மெஷினைத் தாத்தா என்று கூப்பிடுகிறது என்று இருந்தது. தாத்தா போனில் பேசும்போதெல்லாம் அம்மா போனை வாஷிங் மெஷின் மேல் சாய்த்து வைப்பாளாம், அதனால் குரல் அதிலிருந்துதான் வருகிறது என்று குழந்தை நினைக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் வட்டக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். வகுப்பே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன், யாரோ பாவம் ஒரு கிழவன் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்தில் ஒற்றைக் காது யானை பொம்மை இருந்தது. உன் அம்மா பச்சைத் துணியில் தைத்து அனுப்பிய யானை, அவசரத்தில் ஒரு காதை மேசை மேலேயே விட்டுவிட்டு அனுப்பினோமே, அது. உலகத்தில் அப்படி இன்னொரு யானை கிடையாது. மீதியை நீயே படி என்று நோட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் படித்தாள். குட்டி காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்தக் கிழமைகளில் நீ அவளை நடத்தியே பாலர் பள்ளிக்குக் கூட்டிப் போகிறாய், எந்தத் திருப்பத்தில் நீலக் கதவு வரும், அங்கே பூனை இருந்தால் உன் கையை விட்டுவிட்டு எத்தனை அடி ஓடுவாள், எல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டில் துளை போடும் சத்தம் கேட்டுப் பயந்து அவள் ஒளிந்துகொண்டால் நீ சொல்வாயே, முயல் மூணு எண்ணியாச்சு, வெளிய வா என்று, அதையும் படித்தாள். படிக்கவில்லை, சொன்னாள். நீ எந்த இடத்தில் இழுப்பாயோ அதே இடத்தில் இழுத்து, உன் குரல் மாதிரியே. உன்னை ஒரு நாளும் நேரில் பார்த்திராத பெண், எனக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

பிறகு அவள் நோட்டை மூடிவிட்டு, இந்தக் குழந்தைய நான் ரோட்ல பாத்து இந்த வார்த்தைய சொன்னா எங்கூட வந்துடும் சார் என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்த்தான் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பையன், அந்த வீடியோவ எத்தன பேரு பாக்குறாங்க என்று கேட்டான், நாற்பத்தோராயிரம் என்றாள். இன்டர்நெட்டில் பக்கம் திறந்து வீடியோ போடுவது சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கு என்று நீ என்னிடம் சொன்னாய் அம்மா. நமக்கு ஏது இத்தனை சொந்தக்காரர்கள்.

இவ்வளவும் கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான், நோட்டின் கடைசிப் பக்கம்தான் என்னைச் சாப்பிட விடாமல் செய்கிறது. ஆடிட்டர் பழைய வீடியோக்களையும் தேடி எடுத்து, குழந்தை கீழே விழுந்ததையெல்லாம் எண்ணியிருக்கிறாள். இருபத்திரண்டு தடவை. அதில் பத்தொன்பது தடவை எழுந்ததும் முதலில் போனைப் பார்த்தாளாம், சிரித்தாளாம், அதற்குப் பிறகுதான் முழங்காலைப் பார்த்தாளாம். போன் கீழே இறங்கும்வரை அழவில்லை என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது குட்டியையே கவனித்தேன். எனக்குக் கையாட்டினாள், தலையைச் சாய்த்தாள், முத்தம் கொடுத்தாள், அத்தனையும் செய்தபோது அவள் கண் என் மேல் இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அவள் முகமே தெரியுமே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து பார்த்தேன். நான் பேச்சை நிறுத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை, அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

உன்மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முதல் வீடியோவை எடுக்கச் சொன்னவனே நான்தானே. காலையில் குட்டியின் படம் வராவிட்டால் காப்பி இறங்காது என்று உன்னை நச்சரித்தது யார். அன்றைக்கு வகுப்பில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, அந்தக் குழந்தை யாருன்னு தெரியுமா சார் என்று கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் அந்தப் பொய்யோடு பாடம் எடுத்தேன், மூன்றாம் நாள் பொறுக்கவில்லை, பதினேழாம் எண் என் பேத்தி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஆடிட்டர் எழுந்து நின்று, அப்போ வாஷிங் மெஷின் நீங்கதானா சார், குரல் எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்து நோட்டின் தாள்களையெல்லாம் என் முன்னாலேயே கிழித்துப் போட்டாள். போகாமல் நின்றாள். என்னம்மா என்றேன். தாள கிழிச்சிட்டேன் சார், ஆனா எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, நான் என்ன பண்ணட்டும் என்றாள். அவள் நல்ல பெண் அம்மா. மற்ற நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றி எனக்கு அதுகூடத் தெரியாது.

நீ வீடியோ போடும் அந்த இன்டர்நெட் பக்கத்தை மூடிவிடு. மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல். பாலர் பள்ளிக்கு வேறு தெரு வழியாகப் போ, கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை. முயல் வார்த்தையை மாற்றிவிடு, புது வார்த்தை என்னவென்று எனக்குக்கூடச் சொல்லாதே. காலையில் படம் அனுப்ப வேண்டாம், காப்பி தானாக இறங்கிக்கொள்ளும். விடுமுறைக்கு நானும் அம்மாவும் அங்கே வருகிறோம், முழங்கால் பட்டையோடு. கதவைத் திறக்கும்போது உன் கை காலியாக இருக்கட்டும். குட்டி என்னை யாரென்று தெரியாமல் விழிக்கலாம், நேராகப் போய் வாஷிங் மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம். நீ எடுத்துச் சொல்லாதே, நான் வாசலிலேயே நிற்கிறேன். அவள் பயந்து அழுதாலும் அழட்டும், யாரையும் பார்க்காமல் அழட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவும் அப்படியே வாழ்த்துகிறாள், யானையின் இன்னொரு காதைத் தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். மறந்துபோய் இந்தக் கடிதத்தையும் படம் எடுத்துவிடாதே.

என்றும் உன்,
அப்பா