அண்ணையின் பால் போத்தல்

என் அருமை அண்ணை,

காருக்குப் பின்னால் நீங்கள் இழுத்துக்கொண்டு திரிந்த உங்கள் கேரவன் வீடு இன்னும் எங்கள் மோர்டன் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. விற்கச் சொல்லி என் மனுசன் இரண்டு வருடமாக நச்சரிக்கிறார். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதன் கதவைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. போன மாதம்தான் திறந்தேன். தட்டுக் கழுவும் தொட்டிக்குக் கீழே உங்கள் பால் போத்தல் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

எண்பத்தெட்டுக் கோடையில் வேல்ஸ் கடற்கரைக்குப் போனோமே, ஞாபகமா? கேரவன்கள் நிற்கிற அந்தத் திடல் முழுவதற்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். மற்றவர்கள் ஒரு பீப்பாத் தண்ணீரில் இரண்டு நாள் சமாளித்தார்கள். நாங்களோ காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளை ஓடுகிற தண்ணீரில் அலசியே ஒரு பீப்பாவை முடித்தோம். நீங்கள் முணுமுணுக்காமல் பீப்பாவைத் திரும்பத் திரும்ப நிரப்பி உருட்டிக்கொண்டு வந்தீர்கள்.

அது பரவாயில்லை. ஆனால் திடலின் பொதுக் கக்கூசுக்குப் போகும்போது கையில் அந்தப் பெரிய பிளாஸ்டிக் பால் போத்தல்! அங்கே துடைக்கக் கடதாசி மட்டும்தானே என்று போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, எதிர்ப்பட்ட எல்லாருக்கும் "குட் மோர்னிங்" சொல்லிக்கொண்டு ராசா மாதிரி நடப்பீர்கள். உங்கள் அண்ணா ஏன் பாலை அங்கே கொண்டு போகிறார் என்று பக்கத்துக் கேரவன் வெள்ளைக்காரி உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது.

"உந்தப் போத்தலைத் துவாய்க்குள்ளயாவது சுத்திக்கொண்டு போங்கோ அண்ணை. இல்லாட்டி இனி உங்களோட ஒரு இடமும் வரமாட்டன்" என்று கத்தினேன்.

"கழுவுறதுக்கு என்னடி பிள்ளை வெக்கம்?" என்று சிரித்தீர்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்து துவாய்க்குள் சுற்றித்தான் கொண்டு போனீர்கள். "குட் மோர்னிங்"கும் நின்றுபோனது. தலையைக் குனிந்துகொண்டு போனீர்கள். அதைத்தான் அண்ணை, என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு இரண்டு ஏச்சு ஏசியிருக்கலாமே? ஏன் அப்படிப் பேசாமல் விட்டுக்கொடுத்தீர்கள்?

போன கிழமை கேரவனைக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டு போனோம். முதல் நாள் காலை போத்தலை நிரப்பினேன். கை தானாகத் துவாயைத் தேடியது. சீ, போ என்று அதைக் கட்டிலில் எறிந்துவிட்டு, போத்தலை எல்லாரும் பார்க்கக் கையில் பிடித்தபடி இறங்கினேன். கண்ட ஆட்களுக்கெல்லாம் "போன்ஜூர்" சொன்னேன். 

கக்கூஸ் வரிசையில் எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். எதையோ துவாய்க்குள் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். என் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு துவாயை உருவித் தோளில் போட்டாள். பார்த்தால், அவள் கையிலும் ஒரு போத்தல்! நாங்கள் சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கேரவனை விற்கமாட்டேன், அண்ணை. என் மனுசனும் இப்போது வாய் திறப்பதில்லை. அடுத்த கோடைக்கு வேல்ஸ், அதே திடல். உங்கள் போத்தலைத் துவாய் இல்லாமல் கொண்டு போவேன். நான் நிறுத்திவைத்த உங்கள் "குட் மோர்னிங்"கையும் ஒருவரையும் விடாமல் சொல்லி முடிப்பேன். இது சத்தியம்.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி