கீழ்வீட்டு மீட்டர்

நவம்பர் 9, ஞாயிறு
இதில் பொய் எழுத மாட்டேன். அழுதால் அழுதேன் என்றே எழுதுவேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நானும் கீழ்வீட்டு அம்முவும் பிரபஞ்சம் செய்கிறோம். எங்கள் மாடியறைத் தகரக் கூரையிலிருந்து தீபாவளி சீரியல் பல்புகளைச் சம இடைவெளியில் தொங்கவிட்டோம். ஒரு பல்பு ஒரு கேலக்ஸி. கரண்ட் வழக்கம்போல அம்மு வீட்டு மீட்டரிலிருந்து ஒயரில் ஏறி வருகிறது.

நவம்பர் 11
எல்லாம் தப்பு. நாங்கள் எடுத்துப்போன படத்தைப் பார்த்து அறிவியல் சுஷ்மா டீச்சர் சிரித்தார்: "என்னடி இது, கணபதி பந்தலா?"

கேலக்ஸிகள் அப்படிப் பரவிக் கிடக்கவில்லையாம். சோப்பு நுரையின் சுவர்களில் ஒட்டியதுபோல இழை இழையாகக் கூடியிருக்கின்றன; நடுவே பெரும் வெற்றிடங்கள். கூட்டமுள்ள பக்கம் ஈர்ப்பு அதிகம். கொஞ்சமாக இருக்கும் இடத்திலிருந்து அந்தக் கொஞ்சமும் அங்கே போய்விடும்.

இது நியாயமா?

நவம்பர் 16
புதுக் கட்டடம் கட்ட எங்கள் சந்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள். தரைவீட்டுக்காரர்களுக்கு மாற்று வீடு உண்டு. மாடியில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு?

எங்கள் வீட்டுக்காரர் அம்முவின் அப்பா தளவாய் மாமாதான். அப்பா அவரிடம் போனார்.

"அண்ணாச்சி, நாங்க இத்தனை வருசமா மேல இருக்கோம்னு கணக்கெடுக்க வாறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லும்."

"சொன்னா என் வீட்டுக்கே சிக்கல் வரும்வே. பில்டர் ஆளு சும்மா இருப்பானா?"

மேலே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கே வாடகைச் சீட்டு எழுதி வாங்கும்னு சொன்னேன்லா? ஊர்க்காரனுக்குள்ள எதுக்கு எழுத்துன்னீரே!"



நவம்பர் 19
அழுதேன்.

நவம்பர் 23
பல்புகளை இழை இழையாக மாற்றிக் கட்டினோம். நடுவில் விட்ட வெற்றிடத்தில் அம்மு ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டாள்.

"இது யாருட்டி?"

"நீதான்."

சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

மிக மிகத் தூரத்திலிருந்து பார்த்தால் பிரபஞ்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் என்கிறார் டீச்சர். அங்கே யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. அவ்வளவு தூரம் யார் போய் நிற்பது?

நவம்பர் 28
கண்காட்சிக்குப் போகவில்லை. அப்பா வாடகை வீடு தேடித் தூரத்து உல்லாஸ்நகர் போயிருந்தார். அம்மாவைத் தனியாக விட மனசில்லை.

நவம்பர் 30, ஞாயிறு
அம்மு வீட்டார் மாற்று வீடு கிடைத்த சான்பாடாவுக்குப் போகிறார்கள். டெம்போவில் சாமான் ஏறிவிட்டது. அம்மு மேலே வந்து பிரபஞ்சத்தின் ஸ்விட்சைப் போட்டாள். எல்லாம் எரிந்தன.

கீழேயிருந்து மாமாவின் குரல்: "ஏட்டி அம்மு, இறங்கு! மீட்டரைக் கழத்த ஆள் வந்தாச்சு!"

அவள் இறங்கினாள். வெற்றிடத்தில் இருந்த அந்த ஒற்றைப் பல்புதான் முதலில் அணையும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எல்லாம் ஒன்றாகவே அணைந்தன.

ஜன்னலோரம் தெரு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மீட்டரோடு எங்கள் வீட்டு விளக்கும் போய்விட்டது.