இரண்டு பொட்டலத்திலும் அரளி

என் பிரியமுள்ள அய்யாவுக்கு,

உங்களை இப்படி அழைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. நேற்றுக் காலை ஆத்தா உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள்.

ஆமாம், ஆத்தாதான். ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் புருஷன் பெயர் கேட்டபோது, "நீயே சொல்லப்பு" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டவள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு திண்டுக்கல்லில் என் வீட்டில்தான் இருக்கிறாள். ஆறேழு மாதமாக வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரிடம், "உன் தொந்தி வந்து செத்த நேரம் கழிச்சுத்தாண்டா நீ வாரே" என்றாள். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். டாக்டரிடம் காட்டினேன். "வயசானா சிலருக்கு ஞாபகம் போகும், சிலருக்குக் கட்டுப்பாடு போகும் சார்" என்றார். அய்யாவுக்கு ஞாபகம் போனது, ஆத்தாவுக்குக் கட்டுப்பாடு போகிறது, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா என்றேன். "ஆயுசு பூரா வாயை மூடிக் கிடந்தது யாரு, அதைச் சொல்லுங்க" என்றார்.

நேற்று பூக்காரி வாசலில் கூடையை இறக்கினாள். "ஆத்தா, மல்லி வேணுமா?"

"மல்லி வேணாம்டி, அரளி குடு. ரெண்டு பொட்டலத்துலயும் அரளியே வைக்கணும். கருப்பணனுக்குத் தெரியக்கூடாது."

"யாரு ஆத்தா கருப்பணன்?"

"எம் புருசன்தேன்."

வெள்ளைக்காரன் காலத்தில் எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மெட்ராசுக்கு அனுப்பலாமா என்று குலசாமி கோயிலில் பூப்போட்டுப் பார்த்தீர்கள். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. பொட்டலம் இரண்டையும் கட்டியவள் ஆத்தா. பூசாரி எடுத்ததில் செவ்வரளி இருந்தது. "சாமி உத்தரவு இல்லப்பு" என்றீர்கள். அன்றே உங்களோடு பேச்சை விட்டேன். பூவை நம்பிப் பிள்ளையைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்கிய மடையர் என்று ஊரெல்லாம் ஏசினேன்.

நேற்று வாசலில் ஆத்தா என் கையைப் பிடித்தாள். என்னை நீங்கள் என்றே நினைத்துவிட்டாள்.

"ஏய் கருப்பணா, மத்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தானே மடியில சொருகுனே? அதுலயும் அரளின்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே! ஒத்தப் புள்ள, அம்புட்டுத் தூரம் போனாத் திரும்ப மாட்டான்னுதேன் செஞ்சேன். பயகிட்டச் சொல்லிறாத. என்னைய வெறுத்துருவான்."

கடைசி வருஷம் உங்களுக்கு எல்லாமே மறந்துபோனது. என்னைப் பார்த்து, "சார் எந்த ஊரு?" என்றீர்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் உங்களிடம் வாய் திறந்து, "அந்தப் பையனை ஏன் அனுப்பலை?" என்று கேட்டேன். "சாமி உத்தரவு இல்லீங்க சார்." நடிக்கிறீர்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பெற்ற மகனையே மறந்தவர் அதை மட்டும் எப்படி அய்யா காத்தீர்கள்? அன்று நடந்ததில் எதையும் மறக்காத அவளால் ஏன் காக்க முடியவில்லை? உங்களை வெறுத்துத் தீர்த்த வருஷங்களை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அவளைக் கேட்க நாக்குத் துடித்தது. வக்கீலாகாதவன் கேட்க வேண்டிய குறுக்கு விசாரணை அத்தனையும் தொண்டை வரை வந்தது. அவள் என் கையை விடவில்லை.

"சொல்ல மாட்டேல்ல?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "சரி, மல்லியே குடுடி" என்றாள் பூக்காரியிடம்.

ஊரறிய உங்களை ஏசினேன். அதனால் இதையும் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. நாளைக்கும் அவள் கேட்பாள். நாளைக்கும் நான் கருப்பணனாகவே பதில் சொல்வேன். அவள் இருக்கும்வரை அவள் மகனுக்கு இது தெரியாது, அய்யா.

உங்கள் மடியில் நீங்கள் ஒளித்த அரளிக்கு வாரிசான,
ஒத்தைப் பிள்ளை