வியாழனுக்கு அப்பால் ஒரு குரல்

குடிபாலா,
செவ்வாய்க்கிழமை.

என் பிரியமுள்ள கணவர் டைட்டஸ் அவர்களுக்கு உங்கள் ஜெமிமா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் வீடும் நானும் இங்கே நின்றுகொண்டிருக்கிறோம். நீங்கள் இப்போது மாத்திரை இல்லாமலே தூங்குகிறீர்கள் என்று குடிமறப்பு மையத்துப் பிரேமலதா மேடம் போனில் சொன்னார். இந்த வாரம் என் காதில் விழுந்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

அந்த மையத்தில் உங்களுக்குப் போன் கொடுக்கமாட்டார்கள், கடிதம் வந்தால் கையில் கொடுப்பார்கள் என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்ப வந்து உட்காருகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாங்காய் வரத்து இந்த வருஷம் அதிகம். மாங்கூழ் எடுக்கிற நம் ஃபாக்டரி வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் லாரிகள் நிற்கின்றன. லாரிகளுக்கு வரிசை நம்பர் கொடுக்கிற டோக்கன் ரூமில் நான் ஒருத்திதான். உங்கள் லாரியை இப்போதைக்கு வெங்கட் ஓட்டுகிறான். ஓனரைப் பார்த்துக் கேட்டேன். டைட்டஸ் நல்லபடியாகத் திரும்பினால் வண்டி அவனுக்குத்தான், பழைய மாதிரியே வந்தால் சாவியைத் தொடக்கூடாது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். உடைந்த கேபின் கண்ணாடியை மாற்றிவிட்டார்கள். நம் வீட்டுக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

நீங்கள் போன பிறகு நம் 'வியாழனுக்கு அப்பால்' ஒலி நாடகம் மூன்று பாகம் வந்துவிட்டது. முன்பெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் போனில் புதுப் பாகம் வந்ததும், வரிசையில் நிற்கும் உங்கள் லாரியில் நான் ஏறிக்கொள்வேன், இரண்டு பேரும் ஸ்பீக்கரில் கேட்போம். இப்போது தனியாகக் கேட்கிறேன். விட்ட கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா, சொல்கிறேன். முல்லை என்கிற அந்த விண்கப்பல் வியாழன் கிரகத்தைத் தாண்டிவிட்டது. இன்ஜினில் ஏதோ கோளாறு. அது தன்னால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு, மெக்கானிக் இளம்பரிதி சின்ன ஓடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். போனவன் ரேடியோவையும் அணைத்துவிட்டான். கேப்டன் நாச்சியார் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பதிலுக்கு வெறும் இரைச்சல். அந்த இரைச்சலையே ரொம்ப நேரம் விட்டுவைத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை இல்லாமல்.

என்னால் தாங்க முடியவில்லை. போனை நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் போய் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து வைத்தேன். நல்ல கட்டத்தில் எழுந்து ஓடுகிறாயே என்று நீங்கள் திட்டுவீர்கள். நல்ல கட்டம் வந்தால்தான் எனக்கு உட்கார வராது. சினிமாவில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். இதில் கப்பலை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இருட்டையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் முல்லைக்குள்ளே ஃபாக்டரி மாதிரி தரை ஈரமாக இருக்கும், மாங்காய் வாசனை அடிக்கும். உங்களுடைய முல்லையில் டீசல் வாசனை என்பீர்கள்.

இனி சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாகங்களுக்குப் புதுக் குரல்கள் வேண்டும், கேட்கிறவர்களே பேசி அனுப்புங்கள் என்று நாடகக்காரர்கள் அறிவித்தார்கள். டோக்கன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று பேசி அனுப்பினேன். வெளியே லாரி ஹாரன் அடித்ததும் அதில் சேர்ந்தே போயிற்று. ஆனாலும் என்னை எடுத்துக்கொண்டார்கள். முல்லையின் ரேடியோக்காரி வேஷம், ஒரே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் இருக்கிற திருப்பதியிலேயே பதிவு என்றார்கள். உங்களைப் பார்க்க முதன்முதலாக அனுமதித்திருந்ததும் அதே ஞாயிறு காலைதான். உங்களிடம் நேரில் சொல்லி, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

நீங்கள் கீழே இறங்கி வரவில்லை.

பிரேமலதா மேடம்தான் வந்தார். முதல் தடவை நிறைய பேர் இப்படித்தான், முகம் காட்ட வெட்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா என்றார். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அதையும் நான் பார்த்துவிடக்கூடாது என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார். பார்க்கிற நேரம் முடியும் மட்டும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மாடிக் கம்பியில் உங்கள் நீலக் கட்டம் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வீட்டு ஆட்கள் பேசினார்கள், அழுதார்கள், ஒருத்தர் சிரிக்கக்கூட சிரித்தார். நான் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்த கறிக் குழம்பையும் உள்ளே விடவில்லை.

நேராக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். சித்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது, என்னால் அந்த நேரத்தைக் கடக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்வேன் என்று தோன்றியது. இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

லீலா மஹால் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில்தான் பதிவு. சுவரெல்லாம் கனத்த ரஜாய்ப் போர்வை மாட்டியிருந்தார்கள், வெளிச் சத்தம் வராமலிருக்க. டைரக்டர் சந்துரு மற்ற நாளில் பேங்க் வேலை பார்க்கிறவராம். தாமதமாகப் போனதற்குத் திட்டவில்லை, குழம்புப் பாத்திரத்தைத்தான் முதலில் பார்த்தார். எல்லாரும் பகிர்ந்து தின்று முடித்தார்கள். அங்கே என்னென்ன பார்த்தேன் தெரியுமா? ஐஸ் மேல் நடக்கிற சத்தத்துக்குத் தட்டில் பொரியைக் கொட்டி நசுக்குகிறார்கள். கப்பல் கதவு திறக்கிற சத்தம் பிரஷர் குக்கருடையது. தெரிந்துபோனால் ருசி போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. கண்ணை மூடியதும் மறுபடி ஐஸ்தான்.

என் பேச்சை சுத்தத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எத்தனை தடவை சொன்னாலும் பேப்பரைப் படிக்கிற மாதிரியே வந்தது. காகிதத்தைக் கீழே வை, உன் வீட்டில் எப்படிப் பேசுவாயோ அப்படிப் பேசு என்றார் சந்துரு. மைக் முன்னால் நின்றேன். அந்த லுங்கிதான் கண்ணுக்குள்ளே இருந்தது.

"இளம்பரிதி, முல்லையிலேர்ந்து பேசறேன். உன்ன யாரும் இங்க திட்டப் போறதில்ல. நீ பேச வேணாம், கேட்டுக்கினு இருந்தா போதும். நான் பேசிக்கினே இருக்கேன்."

கேப்டன் நாச்சியாராகப் பேசுகிற அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது இப்படியே இருக்கட்டும், இன்னொரு தடவை வேண்டாம் என்றார் சந்துரு.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த மாதிரி ஒரு நாளில் எப்படிச் சந்தோஷம் வரும் என்று என்மேலேயே கோபம் வந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்திரகிரி தாண்டும்போது அதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஏன் என்று கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்தப் பாகம் வருகிறது. எனக்கு என் பக்கத்தை மட்டும்தான் கொடுத்தார்கள். இளம்பரிதி திரும்பி வருகிறானா என்று எனக்கே தெரியாது. பிரேமலதா மேடத்திடம் கேட்டேன், ஹாலில் எல்லாருக்கும் போட்டுக்காட்டச் சம்மதித்தார். இஷ்டமிருந்தால் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. பேச வேணாம், கேட்டுக்கினு இருந்தா போதும் என்று நான் சொன்னது இளம்பரிதிக்கு. அது நாடகம். எனக்கு அது போதாது.

சூளூர்பேட்டையிலிருந்து அக்கா பத்து நாளாகப் போன் செய்துகொண்டிருக்கிறாள். அத்தான் தெரிந்த கடையில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறாராம், வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்கிறாள். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்றும் வரவில்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்களிடம் சொல்லாமல் நான் எதையும் முடிவு செய்தது கிடையாது, இதையும் அப்படிச் செய்ய மனசில்லை. அக்காவுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் உங்கள் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும்.

அந்த வியாழன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அனுமதி உண்டு. முதல் பஸ்ஸிலேயே வருவேன். நடுங்குகிற கையாகவே இருக்கட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன். இறங்கி வாருங்கள்.

கர்த்தர் உங்கள் படுக்கையண்டை நின்று காப்பாராக.

உங்கள்,
ஜெமிமா