பூவிலேயே விற்காத வருஷம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது, அதை விடு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பதிலை மழுப்பாமல் எழுது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தையல் ஆலையில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடப் போகிறேன், நான் போடாவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்தது பார் ஒரு கோபம். உன்மேல் இல்லை கண்ணு, எங்கள்மேல். இதை முழுசாகப் படித்து முடிக்கும்வரை எந்தக் காகிதத்திலும் கை வைக்காதே. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓர் உதவி அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டைக் கணக்கெடுத்துவிட்டுப் போனாள், மாதாமாதம் பணம் வருகிறது என்று உன்னிடம் அப்போதே சொன்னேன். ஆனால் அதை வைத்து என்ன நடந்தது என்று முழுக் கதையையும் சொல்லவில்லை, முடியட்டும், கெட்டுப்போனால் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று அடக்கிவைத்திருந்தேன். பதினெட்டு மாதம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, நடுவில் யார் கையும் படாமல் நேராக என் பெயருக்கு வந்தது. இதை எதற்குச் செலவு பண்ணணும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அது உங்க இஷ்டம்மா, உங்க வீட்டைப் பத்தி எங்களைவிட உங்களுக்குத்தானே தெரியும் என்றாள். என் இஷ்டம் என்ன என்று அதுவரை யாரும் கேட்டதில்லையே. உன் அப்பாவோ, எவனோ தப்பா அனுப்பிட்டான், நாளைக்குப் போலீஸோட வந்து நிப்பான், தொடாத என்று மிரட்டினார். கேட்டால் சிரிப்பாய், இரண்டு மாதம் நாங்கள் அதைத் தொடவே இல்லை, வீட்டில் எண்ணெய் தீர்ந்து கிடக்க, பணம் பாட்டுக்குப் பேங்கில் படுத்திருந்தது. உன் அத்தை வேறு வந்து, சும்மா வர்ற காசு சும்மா போயிடும், இனிமே எந்த ஆம்பளை வேலைக்குப் போவான் என்று தன் தம்பியைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனாள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. மூன்றாம் மாதம் நான் துணிந்து எடுத்துவிட்டேன். போலீஸ் வரவில்லை.

இப்போது எலுமிச்சைக்கு வருகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் பதினான்கு மரம் நிற்கிறது, ஆனால் அதன் பழத்தை நாம் என்றைக்காவது விற்றிருக்கிறோமா? பூப் பூக்கிற நேரம் பார்த்துத்தான் நம் வீட்டில் அரிசிப் பானை அடி தட்டும், பள்ளிக்கூடத்தில் பணம் கேட்பார்கள். அதைச் சரியாக மோப்பம் பிடித்து அட்வான்ஸ் மாமா வந்துவிடுவார். (பழ வியாபாரிக்கு நீயும் தங்கையும் வைத்த பெயர்தான் இப்போது ஊர் முழுக்க.) பூவையே மொத்தமாக விலை பேசி, கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவார், அதோடு அந்த வருஷத்துக் காய் அத்தனையும் அவருடையது. அதற்கு அப்புறம் ஆறு மாதம் தண்ணீர் ஊற்றுவது நாம், ஆடு மேயாமல் விரட்டுவது நாம், அவர் ஆட்கள் வந்து பறித்துக்கொண்டு போகும்போது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நாம். சொந்த மரத்துக்குச் சம்பளமில்லாத காவல்காரர்கள். அதில் விழுந்த ஒரு பழத்தை எடுத்தாலும் உன் அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

போன வருஷமும் பூத்தது, அவரும் வந்தார், வழக்கம்போல நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உன் அப்பா கையை நீட்டப் போன சமயம் நான் உள்ளேயிருந்து வந்து, இந்த வருஷம் பூவை விக்கறதா இல்ல, பழுத்தப்புறம் பாத்துக்கறோம் என்று சொன்னேன். எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது. அந்த மனுஷன் என்னை விட்டுவிட்டு உன் அப்பாவைப் பார்த்து, என்ன, வீட்டுல ஆட்சி மாறிடுச்சா என்று கேட்டார். உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாங்க, மாறி மூணு மாசமாச்சு என்றார் பார், இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. காத்தடிச்சு எல்லாம் கொட்டினப்புறம் என் வாசல்ல வந்து நிக்காதீங்க என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அந்த மாதச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐந்தாம் தேதி பணம் இருந்தது கண்ணு, அந்தத் தைரியத்தில்தான் பேசினேன், இல்லாவிட்டால் எனக்கு ஏது அவ்வளவு வாய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொல்லாதே, மானம் போகும். பழுத்துவிட்டது, பறிக்கத் தெரியவில்லை! இத்தனை வருஷம் மரம் வளர்த்தவர்களுக்கு ஒரு பழம் பறிக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள். உன் அப்பா விடிந்ததும் விடியாததுமாகப் பனி ஈரத்தோடு பிடித்துப் பிடித்து இழுத்தார், நான் பிளாஸ்டிக் மூட்டையில் அமுக்கி அமுக்கிக் கட்டினேன், வெயிலில் போட்டுவைத்து நல்ல விலைக்காக மூன்று நாள் காத்திருந்தோம். டவுனில் பழச்சாறு கடைக்காரர் மூட்டையைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூட்டையும் அழுகல். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் நல்ல மனுஷன், ஒரு பழத்தை எடுத்துக் காம்பு பிய்ந்த இடத்தைக் காட்டி, கழுத்தைத் திருகிட்டீங்களேம்மா, காம்போட கத்திரிச்சு நிழல்ல பரப்பி வையுங்க, ஒரு வாரம் ஆனாலும் அசையாது என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் சேதி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது, அட்வான்ஸ் மாமா வாசலில் நிற்கிறார், மிச்சக் காயைப் பாதி விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். உன் அப்பா உடைந்துபோய், குடுத்துடலாம்டி, நமக்கெல்லாம் இது ஒத்துவராது என்றார். முன்னே என்றால் நானே கொடுத்திருப்பேன். ஒரு தடவை தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க நமக்கு வழியே இருந்ததில்லை, அதனால்தான் நடக்கவே பயந்தோம். இப்போது அடுத்த ஐந்தாம் தேதி என்று ஒன்று இருந்தது. மரத்துல இன்னும் முக்கால் பங்கு நிக்குது, அழுகினதோட போகட்டும் என்று சொல்லி அந்த ஆளை அனுப்பிவைத்தேன்.

அடுத்த பறிப்புக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரியின் கத்திரியை வாங்கிக்கொண்டு போனோம், முள்ளில் பட்டு அது மொக்கையாகிப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அந்தக் கூத்தைத் தங்கை சொல்வாள். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில்கூட எலுமிச்சை, கால் வைக்க இடமில்லை, வீடே மணந்தது. வெயில் ஏற ஏற விலையும் ஏறியது. பழச்சாறு கடைக்காரரே பாதியை எடுத்துக்கொண்டார், மீதியை உன் அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையாக ஏறி இறங்கினார். அட்வான்ஸ் மாமா கொடுப்பதைப்போல நாலு மடங்கு, கண்ணு, நாலு மடங்கு! அந்த அழுகின இரண்டு மூட்டை போக! உன் தங்கைக்கு ஒரு வருஷத்துப் பணத்தை ஒரே தடவையில் கட்டினேன், பள்ளிக்கூடக் குமாஸ்தா முழுசாவா, முழுசாவா என்று இரண்டு தடவை கேட்டார். முழுசாத்தான் என்று சத்தமாகச் சொன்னேன், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டுமே.

அந்த மாதாந்தரப் பணம் நின்று நாலு மாதமாகிறது. நீ பயப்படுகிறாய் என்று தெரியும், பயப்படாதே. இந்த வருஷப் பூவையும் விற்கவில்லை, இப்போது மரம் கொள்ளாமல் காய். உன் அப்பா இருக்கிறாரே, நாளைக்கு நடக்கறத நாளைக்குப் பாத்துக்கலாம் என்பதையே வேதமாக வைத்திருந்த மனுஷன், காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு திரிகிறார். போன வாரம் பன்னிரண்டு குழி வெட்டிக் கன்று நட்டார். காய்க்க நாலு வருஷம் ஆகுமே என்றேன், ஆகட்டுமே, நாம எங்க போகப்போறோம் என்றார். நாலு வருஷம் என்கிற வார்த்தையை இந்த வீட்டில் இதுக்கு முன்னால் யார் சொன்னார்கள்? சும்மா வர்ற காசு என்று சொன்ன உன் அத்தை, எனக்கும் ரெண்டு கன்னு இருந்தா குடேன் என்று கேட்டு வாங்கிப்போனாள். நான் ஒன்றும் குத்திக்காட்டவில்லை, கொஞ்சம்தான். அடுத்த ஊருக்கு இந்த உதவி வரவில்லை, அங்கே இன்னமும் எல்லா மரமும் பூவிலேயேதான் போகிறது, அதை நினைத்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தைத் தங்கை சத்தமாகப் படித்தாள். முடித்ததும் உன் அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம், மரத்தை மட்டுமா பூவுல வித்தோம், பெரியவளையும் அப்படித்தானே அனுப்பினோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கிற மார்க் வாங்கியிருந்த பிள்ளை நீ, அந்த மாதத்து அரிசிக்காக உன்னைப் பஸ் ஏற்றிவிட்டோம். எங்களை மன்னித்துவிடு கண்ணு. இந்த நாலு மாதமாக நீ அனுப்பிய பணத்தில் ஒரு காசுகூட எடுக்கவில்லை, எல்லாம் உன் பெயரில் போட்டிருக்கிறேன். ஆலை வேலை உனக்குப் பிடித்திருந்தால், அங்கேயே முன்னுக்கு வரணும் என்று நினைத்தால், தாராளமாக இரு, தடுக்கமாட்டோம், உன் இஷ்டம். ஆனால் வீட்டுக்காக என்று மட்டும் கையெழுத்துப் போடாதே. வீடு நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். குனிந்தே தைக்காமல் நடுநடுவே எழுந்து நட, தலைக்கு எண்ணெய் வை, அந்த அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படு. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும், நூறு வயசு நன்றாக இரு. தங்கை உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

மறக்காதே, இதோடு நர்ஸ் படிப்பு விண்ணப்பம் வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள், அப்பாவும் நானும் இரண்டு பேரும் நெருக்கியடித்துப் போட்டுவிட்டோம். உன் கோடு மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா