இரண்டு பேர் இருந்தால் கணித வகுப்பு

1978 பெப்ரவரி 6, திங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு தொடங்கிவிட்டது. மாணவிகள்: நான். மற்ற எல்லோரும் உயிரியலுக்கும் கலைக்கும் போய்விட்டார்கள். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "கனகாம்பிகை, ஒரு பிள்ளைக்காக ஒரு மாஸ்டரை மறிச்சு வைக்கேலாது. வெள்ளிக்கிழமைக்குள்ளை இன்னொரு பிள்ளையைக் கொண்டு வாரும். இல்லாட்டி நீரும் உயிரியலுக்குப் போம்."

கொண்டு வாரும் என்றால்? சந்தையில் போய்ப் பிடித்துக்கொண்டு வர அது என்ன கோழியா?

பெப்ரவரி 8

கேட்டவர்கள் எல்லோரும் மாட்டேன் என்றார்கள். மகாதேவிக்குக் கணிதம் என்றாலே தலையிடியாம். அவளுடைய அக்கா வேறு நடுவில் புகுந்து, "நீ எஞ்சினியராகி ஆருக்கடி பாலம் கட்டப்போறாய்? உடுப்பிட்டியிலை ஆறும் இல்லை" என்றாள். ஆறு இல்லைத்தான்.

பெப்ரவரி 9

கிடைத்துவிட்டாள்! குணலட்சுமி. முதலாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவள். இன்று விலங்கியல் பாடத்தில் கரப்பொத்தானை வெட்டினார்களாம். இவள் கத்தியைப் பிடித்தபடியே விழுந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்துக் கிடத்தியிருந்தார்கள். நான் கொப்பியால் விசிறிக்கொண்டே காதில் சொன்னேன்: "கணிதத்திலை வெட்டுறதுக்கு ஒண்டுமில்லையடி."

ஒரு கண் திறந்தது. "இரத்தம்?"

"மாஸ்டரின்ரை சிவப்பு மை மட்டும்."

"சரி, வாறன். ஆனா அம்மாவுக்குச் சொல்லப்படாது."

அவளுடைய அம்மா சிவக்கொழுந்து மாமி, மகள் டொக்டராகப் போகிறாள் என்று வடமராட்சியில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். குணத்தின் ஐயாவுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மாமி சொன்னதுதான் சட்டம்.

பெப்ரவரி 20

செபநாயகம் மாஸ்டர் எங்கள் இருவருக்கும் ஒரு மண்டபத்துக்குப் படிப்பிப்பது போலப் படிப்பிக்கிறார். "பின்னுக்கு இருக்கிறவைக்கு விளங்குதோ?" என்று இன்று கேட்டார். பின்னுக்குச் சுவர்தான். குணம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓம் சேர், விளங்குதாம்" என்றாள்.

மே 11

பிரயோக கணிதச் சோதனை. எனக்கு இரண்டு கணக்குச் சரி. குணத்துக்கும் இரண்டு. அதே இரண்டு. என் பிழைகளையும் அவள் விடாமல் பார்த்தெழுதியிருந்தாள்.

ஜூன் 14

இன்று மாமி எங்களை வாசலில் மறித்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைத் தந்தார். உள்ளே நிறையக் கரப்பொத்தான்கள். "பிள்ளை பழகட்டும் எண்டு அடுப்படியிலை பிடிச்சனான்." குணத்தின் முகம் வெள்ளைச் சுண்ணாம்பு. நான் வாங்கிக்கொண்டேன். "நல்ல கொழுத்த சாமான், மாமி" என்று வேறு சொன்னேன். ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் மூடியைத் திறந்துவிட்டு இருவரும் ஓடின ஓட்டம்!

மாமி எவ்வளவு நேரம் குனிந்து நின்று பிடித்திருப்பார் என்று இப்போது நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது.

செப்டெம்பர் 27

தொகையீட்டுக் கணக்கு ஒன்று. நான் இரண்டு பக்கம் எழுதியும் வரவில்லை. குணம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கரும்பலகையில் மூன்று வரியில் முடித்துவிட்டாள். யாரையும் பார்க்காமல்! மாஸ்டர் கரும்பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உப்பிடி எனக்குத் தோன்றேல்லை" என்றார். நானும் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு கைதட்டத் தோன்றவில்லை.

1979 சனவரி 17, புதன்

எல்லாம் போச்சு. மாமி உயிர்த் தவளைகளை வாளியில் கொண்டு நேரே விலங்கியல் ரீச்சரிடம் போயிருக்கிறார். "குணலட்சுமியோ? அவ என்ரை வகுப்பிலை இல்லையே அம்மா" என்றிருக்கிறார் ரீச்சர். கரும்பலகையில் சடத்துவத் திருப்பக் கணக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தபோது கதவடியில் வாளியோடு மாமி. வாளி சரிந்தது. தவளைகள் விறாந்தை முழுக்க. கலைப்பிரிவுப் பிள்ளைகள் வாங்குகளில் ஏறிக் கத்தினார்கள். மாமி தவளைகளைப் பார்க்கவேயில்லை. எங்களைத்தான் பார்த்தார்.

"ஒரு வருசம்! ஒரு வருசமா என்னைப் பேய்க்காட்டிப் போட்டியள், என்ன?"

சனவரி 18

குணம் வரவில்லை. அதிபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டர் சுவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. இனி வகுப்பை மூடிப் போடுவினம். உயிரியலுக்குப் போ எண்டால் நான் என்ன செய்யிறது? இவ்வளவு தூரம் வந்து — ஐயோ, என்ன செய்யிறது?

சனவரி 20, சனி

குணம் வீட்டுக்குப் போனேன். மாமி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாமி, பிழை என்ரை. நான்தான் அவளை இழுத்தனான்."

உள்ளேயிருந்து குணம் வந்தாள். "இல்லை அம்மா. முதல் நான் கரப்பொத்தானுக்குப் பயந்துதான் கணிதத்துக்குப் போனனான். இப்ப அப்பிடியில்லை. நீங்கள் விடாட்டி வீட்டிலை இருந்து எண்டாலும் கணக்குச் செய்வன்." குணம் அம்மாவிடம் இப்படிக் கதைத்து நான் பார்த்ததில்லை.

மாமி ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தார். "உதைப் படிச்சா ஆரும் டொக்டர் எண்டு சொல்லுவினமோ?"

"மேலை மேலை படிச்சுப் பெரிய பட்டம் எடுத்தா, கணிதத்திலையும் டொக்டர் எண்டுதான் சொல்லுறது, மாமி."

"ஊசி போடவேண்டாமோ?"

"வேண்டாம்."

"வருத்தக்காரர் ராவிலை வந்து கதவு தட்டமாட்டினமோ?"

"தட்டமாட்டினம்."

மாமி கத்தியைக் கழுவினார். "அப்ப அது நல்ல டொக்டர்தானே. திங்கட்கிழமை போகட்டும். தவளை பிடிச்சு எனக்கும் இடுப்பு நோ."

பெப்ரவரி 2

மாமி கோயிலில் அறிவித்துவிட்டார்: "என்ரை மகள் கணக்கு டொக்டர்."

ஓகஸ்ட் 25

உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பேப்பரும் முடிந்தது. பருத்தித்துறைக் கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றோம். விடைகளைப் பற்றிக் கதைப்பதில்லை என்று சத்தியம். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மட்டும்தான் கதைத்தோம்.

1980 சனவரி 19

பரீட்சை மறுமொழி வந்துவிட்டது. குணத்துக்கு இரண்டு ஏ, இரண்டு பீ. எனக்கு ஒரு பீ, இரண்டு சீ, ஒரு எஸ், அதாவது மட்டுமட்டான பாஸ்.

நான்தானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்! கரப்பொத்தானுக்குப் பயந்தவளுக்கு ஏ. கணிதம் கணிதம் எண்டு திரிஞ்சவளுக்குச் சீ. உது என்ன நியாயம்? நான் ஒழுங்காப் படிக்கேல்லையோ? படிச்சனான். அதுதான் இன்னும் கூடச் சுடுது.

பின்னேரம் மாமி சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொண்டு வந்தார், "ரெண்டு பிள்ளையளும் பாஸ்" என்று. சாப்பிட்டேன். நல்ல உருசியாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஜூன் 8

அவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம், பொறியியல். எனக்கு வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் எங்கள் திருநெல்வேலி, விஞ்ஞான பீடம். நல்லகாலம், அதிலும் கணிதம் இருக்கிறது. சில மாதமாக நான் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. இன்று வந்து என் கட்டிலில் ஏறி இருந்தாள். பிறகு, "நீ கதைக்காட்டி நான் போகமாட்டன்" என்றாள்.

"போகாமல்? திரும்ப வந்து கரப்பொத்தான் வெட்டப்போறியோ?"

அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மனதில் இன்னும் கொஞ்சம் முள் இருக்கிறது. ஆனாலும் சிரித்தேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், நடுவே இன்னோர் எண் இருக்கும். இது யாருக்குத் தெரியாது? ஆனால் விரிவுரையாளர் இன்று அதை நிறுவத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. நடுவே ஒன்று என்றால், அதற்கும் நடுவே? அதற்கும்? பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி குடைக் கம்பியால் மண்ணில் கோடு போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

பஸ் வந்து நின்றது. "தங்கச்சி, ஏறுறியளோ, இல்லை நிலத்தை அளக்கிறியளோ?" என்றார் கொண்டக்டர்.

"ஒரு நிமிசம், அண்ணை."

பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. அம்மா பேசின பேச்சு கொஞ்சமல்ல. பேசி முடித்த பிறகு, குணம் விடுமுறைக்கு வந்திருக்கிறாள், இரண்டு தரம் வந்து தேடினாள் என்றார். அப்போதுதான் கவனித்தேன்: காலையிலிருந்து ஒரு தரமேனும் அவளுடைய ஏயையும் என்னுடைய சீயையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நாளைக்கு விடிந்ததும் போய் அந்த நடு எண்ணைப் பற்றி அவளிடம் கேட்கவேண்டும். அவளுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேருமாகப் பார்க்கலாம்.