எர்சீலியா அக்கா கடை அடைத்த திங்கட்கிழமை

பொத்சுவோலி,
1983 அக்டோபர், திங்கள் மாலை.

அன்புள்ள ஜெரார்தோவுக்கு,

நுன்சியா எழுதுவது. நானும் ரொசெல்லாவும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் வரை யாராவது வேறு மாதிரி சொல்லியனுப்பியிருப்பார்கள். பிள்ளைக்கு நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுப் போடுகிறாள்.

பூமி ஆடுவது நம் ஊருக்குப் புதிதா, எர்சீலியா அக்காவே பேக்கரியைத் திறந்து வைத்திருக்கும்போது உனக்கென்ன பயம் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் தரை உயர்ந்துகொண்டே போய், கடல் பின்வாங்கி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. தெருவில் பாதி வீடுகள் காலி. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் மிச்சமிருக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கடையில்தான் போய் நிற்போம்.

நேற்றும் நின்றோம். மீன்காரன் பஸ்குவாலே, கேக் ஆடுகிறதா ஊர் ஆடுகிறதா என்று அக்காவைச் சீண்டினான். "உன் காலுதான் ஆடுது, காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்றாள். கடையே சிரித்தது. ரொசெல்லா கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு, எது வேண்டும் என்று முடிவு செய்ய முடியாமல் நின்றாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம். பெரிய லாரி ஒன்று கடைக்கு அடியில் போவது போல. விளக்கு அணைந்தது. தட்டுகள் சரிந்தன, கண்ணாடி நொறுங்கியது, மாவும் சுண்ணாம்பும் கிளம்பிக் கண்ணை மறைத்தன. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சதுக்கத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் கையில் இருந்தது நம் பிள்ளை இல்லை. பச்சைக் கோட்டுப் போட்ட, யாரென்றே தெரியாத ஒரு சிறுமி என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நான் திரும்பி ஓடினேனாம். ஓடுகள் விழுந்துகொண்டிருந்ததால் பஸ்குவாலே என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டானாம். அவன் கையைக் கடித்திருக்கிறேன். ரொசெல்லாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

எர்சீலியா அக்காதான் ரொசெல்லாவைக் கொண்டுவந்தாள். அடுப்பை அணைக்க உள்ளேயே நின்றவள், மாவு பிசையும் மேசைக்கு அடியில் இவளைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாவு படிந்து பிள்ளைக்குக் கண்ணிமை கூட வெள்ளை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். காதோடு சொன்னாள்: "நான் மட்டும் என்ன இரும்பாடி? கொஞ்ச நாளா காருலதான் படுக்கிறேன். நீங்கல்லாம் வந்து சிரிக்கிறதப் பாத்துத்தான் எனக்குக் கடை திறக்கவே தைரியம் வந்துச்சு. இனி முடியாது. நீயும் கிளம்பிரு, நுன்சியா."

இன்று காலை கடை பூட்டிக் கிடக்கிறது. பெனவெந்தோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

இன்னொன்று. நம் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, மனசு கஷ்டப்படுவீர்களே என்று முன்பு எழுதவில்லை. இப்போது என் கை உள்ளே போகிறது. ரொசெல்லா வீட்டுக்குள் வர மறுக்கிறாள். கோட்டு பெல்ட்டை எடுத்துத் தன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இப்போதும் கட்டியிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் அறையில் நான்கு ஆண்கள் இருக்கிறீர்கள், இடமில்லை. தெரியும். நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொள்வோம். வாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அது வந்து சேருவதற்குள் நாங்கள் ரயிலேறிவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் நிற்கிற தரையை மாதா அசையாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள்
நுன்சியா